கட்டில் விரிக்கும் பட்டப்படிப்பு

மூணாற்றிலிருந்து பாலக்காட்டுக்குப் போக வேண்டுமென்றால் கேரளத்தை விட்டு ஒரு தடவை வெளியே போய்விட்டு வர வேண்டும். அடிமாலி, நேரியமங்கலம், திருச்சூர் என்று கேரளத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டு போகவும் வழி உண்டு. தலையாறு எஸ்டேட் பக்கத்து ஆட்கள் யாரும் அப்படிப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. எங்களுக்கு மறையூர், சின்னாறு, ஒன்பதாறு செக்போஸ்ட், தாண்டினால் தமிழ்நாடு. உடுமலை, பொள்ளாச்சி. பிறகு கோபாலபுரம் செக்போஸ்ட்; தாண்டினால் மறுபடி கேரளம்.

என்னை நர்சிங் கல்லூரியில் சேர்க்க அப்பாவும் நானும் அப்படித்தான் போனோம். உடுமலை பஸ் ஸ்டாண்டில் அப்பா டீ கேட்ட விதத்திலேயே கடைக்காரர், “கேரளாவுங்களா?” என்றார். பாலக்காட்டில் ஆட்டோக்காரர், “தமிழ்நாட்டீந்நாணோ?” என்றார். இரண்டு பேருக்கும் அப்பா ஒரே பதில்தான் சொன்னார்: “மூணாறு.” இரண்டு பேரும் திருப்தியாகத் தலையாட்டினார்கள். ரெண்டு பக்கமும் கணக்கில் சேர்க்காத ஊரில் பிறந்தால் இப்படி ஒரு வசதி இருக்கிறது.

சேர்க்கைக்கு மார்க் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். கேரளத்தில் பி.எஸ்சி. நர்சிங்குக்குப் பிளஸ் டூ மார்க்கை வைத்து எல்.பி.எஸ். சென்டர் அலாட்மென்ட் போடுகிறது. மார்க் வாங்குவது சுலபம். உட்கார்ந்து படித்தால் வந்துவிடும். நான் இந்த ஊர்க்காரிதான் என்று காகிதத்தில் காட்டுவதற்குத்தான் கோச்சிங் சென்டர் எதுவும் இல்லை. சாதிச் சான்றிதழுக்கு, 1950க்கு முன்னாலேயே குடும்பம் இங்கே வந்துவிட்டது என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து நடந்தே மலையேறிய கொள்ளுத்தாத்தா, பின்னாளில் பேத்தியின் மகள் நர்சிங் படிப்பாள் என்று நினைத்து ரசீது வாங்கி வைத்திருக்கவில்லை. அவர் கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடிகள் இன்னும் நிற்கின்றன. செடி கையெழுத்துப் போடாது. கடைசியில் எஸ்டேட் ஆபீஸ் கிளார்க்கு மாமா ஏதோ ஒரு பழைய ரெஜிஸ்டரிலிருந்து அவர் பெயரைத் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார். அந்த மாமாவுக்கு என் காலத்துக்கும் பி.பி. இலவசமாகப் பார்ப்பதாக அம்மா அங்கேயே வாக்குக் கொடுத்தாள்.

கல்லூரியில் இன்னொரு காகிதம் காத்திருந்தது. கேரளத்தில் 1998லிருந்தே ராகிங் தடுப்புச் சட்டம் இருக்கிறது. மாணவி ஒரு உறுதிப் பத்திரம், பெற்றோர் ஒரு உறுதிப் பத்திரம். என் மகள் யாரையும் ராகிங் செய்ய மாட்டாள் என்று அப்பா எழுதிக் கொடுக்க வேண்டும். அப்பா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, அர்த்தம் புரிந்து, ரொம்ப நேரம் யோசித்துக் கையெழுத்துப் போட்டார். அதோடு விட்டாரா! வெளியே வரும்போது எதிரே வந்த மூன்றாம் வருஷத்துச் சேச்சிகள் நான்கு பேரை நிறுத்தி, கையெடுத்துக் கும்பிட்டு, “ஒண்ணும் பயப்படாதீங்கம்மா. இவ யாரையும் ஒண்ணும் பண்ண மாட்டா. எழுதிக் குடுத்துட்டேன்” என்றார். ஹாஸ்டலில் என்னை யாரும் ராகிங் செய்யாததற்குச் சட்டம் பாதிக் காரணம். மீதிப் பாதி, என்னைப் பார்த்ததும் அவர்களுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

அறையில் நாலு பேர். கொழிஞ்சாம்பாறைக்காரி, அட்டப்பாடிக்காரி, கட்டப்பனைக்காரி, நான். கொழிஞ்சாம்பாறைக்காரி வீட்டில் பேசுவது தமிழ்தான். ஆனால் அது கொங்குத் தமிழ். “ஏட்டி, அந்த பக்கெட்ட எடு” என்று நான் முதல் நாள் சொன்னதும் அவள் முகம் சுருங்கிவிட்டது. அவள் என்னிடம், “ஏனுங்க, உங்க சோப்பு டப்பா இங்கிருக்குதுங்க” என்றதும் நான் சுருங்கிப்போனேன், என்னமோ கோபம் என்று. அவர்கள் ஊரில் பக்கத்து வீட்டுக் குழந்தையையும் ‘வாங்க’ என்பார்களாம். எங்கள் லயத்தில், அதாவது எஸ்டேட்டின் வரிசை வீடுகளில், ‘வாங்க’ என்று கூப்பிட்டால் கடன் கேட்க வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒரே மொழி பேசும் நாங்கள் இரண்டு பேரும் சண்டை வராமல் இருக்க, முதல் வாரம் முழுக்க மலையாளத்தில் பேசிக்கொண்டோம்.

கட்டப்பனைக்காரி எங்கள் ஜில்லாதான் என்றாலும் வேறு திசை, வேறு உலகம். அவள் அத்தை குவைத், சித்தி அயர்லாந்து, அக்கா ஜெர்மனி. எல்லாரும் நர்ஸ்கள். எலும்புகளின் பெயரே இன்னும் வாயில் நுழையாத நேரத்தில் அவள் இரவு போர்வைக்குள் கிடந்து ஜெர்மன் ஏ1 பாடம் கேட்டாள். ஜெர்மனி அரசின் வேலைவாய்ப்பு அமைப்போடு கேரள அரசின் நோர்க்கா 2021 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டு, ‘ட்ரிப்பிள் வின்’ என்று பெயர் வைத்து நர்ஸ்களை அனுப்புகிறது. அதனால் ஹாஸ்டலில் எந்தச் சேச்சியும் உன் பெயர் என்ன என்று கேட்பதில்லை. “எங்கோட்டா? ஜெர்மனியோ, யூகேயோ?” என்றுதான் கேட்கிறார்கள். நான், “மெஸ்ஸுக்கு” என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன்.

அட்டப்பாடிக்காரி அதிகம் பேச மாட்டாள். அவள் அம்மா ஆஷா ஒர்க்கர். ஊர் ஊராக நடந்து குழந்தைகளை எடை போடும் அம்மாவின் கூடவே சின்ன வயதிலிருந்து நடந்தவள். எங்கள் நாலு பேரில் நிஜமாக ஒரு நோயாளியைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் அவள் மட்டும்தான். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நாங்களாகக் கண்டுபிடிக்கச் சில வாரம் ஆயிற்று.

அம்மா கட்டிக் கொடுத்திருந்த கம்பளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜனவரியில் புல்மேல் வெள்ளையாகப் பனி உறையும் இடத்திலிருந்து வருகிறவளுக்கு, உலகம் முழுக்க ராத்திரி குளிரும் என்பதுதான் நம்பிக்கை. பாலக்காட்டில் கம்பளியைப் பார்த்தாலே வேர்த்தது. மேற்குத் தொடர்ச்சி மலை அந்த இடத்தில் மட்டும் ஏறக்குறைய முப்பது நாற்பது கிலோமீட்டருக்கு விட்டுக்கொடுத்திருக்கிறது. அந்த இடைவெளி வழியாகக் கார்த்திகை, மார்கழியில் கிழக்கேயிருந்து ஒரு காற்று வரும். மாடியில் காயப்போட்ட யூனிபார்ம் பனைமரத்தில் ஏறியிருக்கும். காற்று, வெயில் இரண்டுமே இங்கே அளவு பார்த்து அடிப்பதில்லை.

சரி, படிப்புக்கு வருவோம்.

2021க்குப் பிறகு இந்திய நர்சிங் கவுன்சில் பாடத்திட்டத்தை மாற்றி, நாலு வருஷத்தை எட்டு செமஸ்டராக்கிவிட்டது. முதல் செமஸ்டரில் இங்கிலீஷ், அனாட்டமி, பிசியாலஜி, சோசியாலஜி, சைக்காலஜி, பிறகு நர்சிங் பவுண்டேஷன். அனாட்டமியில் முதல் நாளே 206 எலும்பு என்றார்கள். பிறக்கும்போது ஏறக்குறைய முந்நூறு இருக்குமாம். வளர வளரச் சில எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இதைப் போனில் சொன்னபோது அப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப உங்கம்மாவுக்கு முந்நூறும் அப்படியே இருக்கும்னு நெனைக்கேன். ராத்திரி பூரா ஒவ்வொண்ணா வலிக்குதுங்கா” என்றார்.

நர்சிங் பவுண்டேஷனில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது கட்டில் விரிப்பது.

உயிரைக் காப்பாற்றப் போகிறேன் என்று லயம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தவள் நான். ஸ்கில் லேப் என்றதும் ஊசி, குளுக்கோஸ், குறைந்தபட்சம் ஒரு பேண்டேஜாவது இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனால், ஒரு கட்டில், ஒரு மெத்தை, மடித்த விரிப்புகள். மிஸ் கட்டிலைச் சுற்றி ஒருதரம்தான் நடந்தார். அவ்வளவுதான், கட்டில் முடிந்துவிட்டது. விரிப்பில் ஒரு சுருக்கம் கிடையாது. மூலையில் காகிதக் கப்பல் மாதிரி ஒரு மடிப்பு. விரிப்பை உதறக் கூடாது. உதறினால் அதிலிருக்கும் கிருமி பக்கத்துக் கட்டிலுக்குப் போகும். தலையணை உறையின் திறந்த வாய் வாசல் பக்கம் பார்க்கக் கூடாது. சுருக்கம் ஏன் கூடாது என்றால், புரண்டு படுக்க முடியாத நோயாளிக்கு அந்த ஒரு சுருக்கம் அழுத்தியே படுக்கைப் புண் வந்துவிடும்.

கட்டிலிலும் வகை இருக்கிறது. ஆள் வரப்போகும் கட்டில் வேறு, வந்துவிட்ட கட்டில் வேறு, ஆபரேஷன் முடிந்து வருகிறவருக்கு வேறு, இதய நோயாளிக்கு வேறு. ஆள் படுத்திருக்கும்போதே அவரை எழுப்பாமல் அடியில் விரிப்பை மாற்றுவது இன்னொன்று. ஒரு பக்கம் உருட்டி, பழையதைச் சுருட்டி, புதியதைச் செருகி, மறுபக்கம் உருட்ட வேண்டும். இதற்கு எங்களில் ஒருத்தி நோயாளியாகப் படுக்க வேண்டும். கட்டப்பனைக்காரி தானாக முன்வந்தாள். ஜெர்மன் பாடத்தில் ராத்திரி தூங்காதவள் படுத்த நிமிடமே தூங்கிவிட்டாள். மூன்று பேட்ச் அவளை உருட்டி உருட்டி விரிப்பு மாற்றியது. இத்தனை நல்ல நோயாளி இனிமேல் எங்களுக்குக் கிடைக்கப்போவதில்லை என்று மிஸ்ஸே சொன்னார்.

அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது? எங்கள் லயத்து வீட்டில் ஒரே ஒரு கட்டில், அதில் தாத்தா. மற்ற எல்லாருக்கும் பாய். “இன்னைக்கி என்னத்தா சொல்லிக் குடுத்தாங்க?” என்று அம்மா தினமும் கேட்பாள். கட்டில் விரிக்க என்றேன். மறுநாள், கட்டில் விரிக்க என்றேன். அதற்கு மறுநாள் அம்மா நான் பேசும்முன்பே, “எத்தன வருசம்னு சொன்ன படிப்பு?” என்றாள்.

அம்மாவுக்குக் கொஞ்சமாவது பிடித்தது மெக்கின்டாஷ்தான். விரிப்புக்கு நடுவில் ஈரம் இறங்காமல் போடும் ரப்பர் ஷீட். 1823இல் சார்லஸ் மேக்கின்டாஷ் என்ற ஸ்காட்லாந்து வேதியியல்காரர் துணிக்கு நடுவே ரப்பர் வைத்து ஒட்டிக் காப்புரிமை வாங்கினார். மழைக்கோட்டுக்கு அவர் பெயர் வந்து, அப்படியே ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கும் வந்துவிட்டது. நான் விவரித்து முடித்ததும், “படங்குன்னு சொல்லு” என்றாள் அம்மா. கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுவதைத்தான் சொன்னாள். “அத விரிக்கவா மிஸ்ஸு? நான் வந்து சொல்லித் தாரேன்.”

அடுத்து கை கழுவுவது. சோப்புப் போட்டுக் கழுவினால் நாற்பதிலிருந்து அறுபது விநாடி. உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகநுனி என்று வரிசை உண்டு. வியன்னாவில் 1847இல் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிரசவ வார்டுக்குள் வரும் டாக்டர்களைக் கை கழுவிவிட்டு வரச் சொன்னார். பிணவறையிலிருந்து நேராகப் பிரசவம் பார்க்க வந்துகொண்டிருந்தார்கள். கழுவியதும் தாய்மார்கள் சாவது மளமளவென்று குறைந்தது. அதற்காக அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்களா? கனவான்களின் கை அழுக்கு என்று சொல்கிறானே என்று கோபித்துக்கொண்டார்கள். பாவம், 1865இல் மனநல விடுதியில் செத்துப்போனார். இந்தக் கதையைக் கேட்டதிலிருந்து கொழிஞ்சாம்பாறைக்காரி மெஸ்ஸில் எல்லாருடைய கையையும் கவனிக்க ஆரம்பித்தாள். “கட்டைவிரல விட்டுட்டீங்க” என்று மரியாதையாகத் திருப்பி அனுப்புவாள். சாம்பார் தீர்ந்துவிடும் பயத்தில் வரிசையில் நிற்பவர்களுக்கு அந்த மரியாதை எப்படி இனிக்கும்?

இந்த இடத்தில் என் இடது கையின் கதையைச் சொல்ல வேண்டும்.

பி.பி. பார்க்கும் பாடம். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து, மெல்ல இறக்கி, ஸ்டெத்தில் கேட்க வேண்டும். முதல் ‘டப்’ சத்தம் வரும் இடம் மேல் எண். சத்தம் நின்றுபோகும் இடம் கீழ் எண். 1905இல் கோரோட்கோவ் என்ற ரஷ்ய சர்ஜன் கண்டுபிடித்த முறை. பார்க்கிறவள் ஒருத்தி, பார்த்துக்கொள்கிறவள் ஒருத்தி. ஒல்லியான கை வேண்டும் என்று என் கையைத் தேர்ந்தெடுத்தார்கள்.

முதலில் வந்தவள் காற்றடித்தாள், இறக்கினாள், கண்ணை மூடிக் கேட்டாள். “120/80, மிஸ்.” மிஸ் போர்டில் எழுதினார். அடுத்தவள்: 120/80. அதற்கடுத்தவள் ரொம்ப நேரம் கேட்டுவிட்டு: 120/80. ஒரு பையன் மட்டும் துணிச்சலாக 118/80 என்றான். வகுப்பே அவனைத் துரோகியைப் பார்ப்பதுபோலப் பார்த்தது. ஒருத்தி ஸ்டெத்தைக் காதில் தலைகீழாக மாட்டியிருந்தாள், அவளுக்கும் 120/80. போர்டு முழுக்க 120/80. புத்தகத்தில் எழுதியிருக்கும் ஆரோக்கியம் அத்தனையும் என் இடது கையில் குடியிருந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு மிஸ் இரண்டு ஜோடிக் காதுக்குழாய் உள்ள ஒரு ஸ்டெத்தை எடுத்தார். அதில் டீச்சரும் மாணவியும் ஒரே சத்தத்தை ஒரே நேரத்தில் கேட்கலாம். அட்டப்பாடிக்காரியைக் கூப்பிட்டார். அவள் பட்டையைச் சற்று மேலே ஏற்றிச் சுற்றினாள், விரலால் நாடியைத் தேடிப் பிடித்தாள், காற்றை அவசரமே இல்லாமல் இறக்கினாள். “98/64” என்றாள். மிஸ் தலையை ஆட்டி, போர்டில் இருந்த அத்தனையையும் அழித்துவிட்டு அதை எழுதினார். திட்டவில்லை. “இந்தப் பொண்ணு காலைல சாப்பிட்டாளான்னு உங்கள்ல யாராவது கேட்டீங்களா?” என்று மட்டும் கேட்டார். நான் சாப்பிட்டிருக்கவில்லை. கட்டைவிரல் விஷயத்தில் திருப்பி அனுப்பப்பட்டவர்களில் நானும் ஒருத்தி.

ராத்திரி இதை அம்மாவிடம் சொன்னேன், சிரிப்பாள் என்று. அம்மா சிரிக்கவில்லை.

“எல்லாருக்கும் ஒரே எடையா?” என்றாள். “ஒரே காட்டுல இருவது பேர் எடுத்தாலும் ரெண்டு பேருக்கு ஒரே எடை வராதுத்தா. வந்துச்சுன்னா தராசு சரியில்ல, இல்ல எழுதுறவன் சரியில்ல.”

அம்மாவுக்குத் தராசைத் தெரியும். காட்டிலேயே கொழுந்தை எடை போட்டு, சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்து எழுதுவார்கள். தின அளவு எடுத்தால்தான் முழுச் சம்பளம்; மேலே எடுப்பதற்குக் கிலோவுக்கு இத்தனை. முள் எங்கே நிற்கிறது, பேனா எதை எழுதுகிறது என்று ரெண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கத் தெரியாதவள் கொழுந்துக்காரியே இல்லை. 2015 செப்டம்பரில் ‘பொம்பிளை ஒருமை’ என்று ஆயிரக்கணக்கான பெண்கள் இருபது சதவீத போனஸ் கேட்டு மூணாறு ரோட்டில் உட்கார்ந்தபோது அம்மாவும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். தொழிற்சங்கத் தலைவர்களைக்கூடக் கிட்டே சேர்க்கவில்லை. கணக்கை அவர்களே போட்டுக்கொண்டார்கள்.

ஸ்கில் லேப் வராந்தாவில் இரண்டு படங்கள் மாட்டியிருக்கும். ஒன்று நைட்டிங்கேல் அம்மையார், கையில் விளக்கோடு. இன்னொன்று லினி சிஸ்டர். 2018 மே மாதம் பேராம்பிராவில் நிபா நோயாளியைப் பார்த்து, அதே நோயில் போனவர். அந்த இடம் வந்தால் கட்டப்பனைக்காரிகூடச் சத்தமாகப் பேச மாட்டாள்.

நைட்டிங்கேல் படத்தில் ஒரு தப்பு இருக்கிறது. அலாவுதீன் கதையில் வருவதுபோல மூக்கு நீண்ட விளக்கு ஒன்றை அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். நிஜத்தில் அவர் கொண்டுபோனது துருக்கிக்காரர்கள் பயன்படுத்தும் மடக்கு லாந்தர். 1854இல் 38 பேரோடு ஸ்கூட்டாரி ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போனவர், ராத்திரி லாந்தரோடு நடந்தார் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. பகலில் என்ன செய்தார்? எண்ணினார். எத்தனை பேர் செத்தார்கள், எதனால் செத்தார்கள் என்று கணக்கெடுத்து, குண்டடியைவிடத் தொற்றுநோயில் செத்தவர்களே அதிகம் என்று வட்ட வட்டமாகப் படம் போட்டு அரசாங்கத்தின் முகத்துக்கு நேரே காட்டினார். 1858இல் லண்டன் புள்ளியியல் கழகம் முதல் பெண் உறுப்பினராக அவரைச் சேர்த்துக்கொண்டது. எங்கள் 120/80 போர்டை அவர் பார்த்திருந்தால் லாந்தராலேயே அடித்திருப்பார். அம்மாவும் அவரும் ஒரு நாள் சந்தித்திருந்தால் தராசைப் பற்றி மணிக்கணக்கில் பேசியிருப்பார்கள். நடுவில் மொழி ஒரு தடையாக இருந்திருக்காது. எண் மட்டும் போதும்.

விளக்கேற்றும் விழாவும் வந்தது. வெள்ளை யூனிபார்ம், வலைக்குள் கொண்டை, கையில் மெழுகுவர்த்தி. உறுதிமொழியில் நைட்டிங்கேல் பெயர் இருக்கிறதே தவிர அதை எழுதியது அவரில்லை. 1893இல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் லிஸ்ட்ரா கிரெட்டர் என்பவர் தலைமையில் ஒரு குழு எழுதி, மரியாதைக்கு அவர் பெயரை வைத்தது.

உறுதிமொழி என்றாலே எங்கள் தொகுதிக்காரர்களுக்குக் கொஞ்சம் பதற்றம் உண்டு. 2021இல் எங்கள் தேவிகுளம் எம்.எல்.ஏ. கேரளச் சட்டசபையில் தமிழில் பதவியேற்றார். லயத்தில் டி.வி. முன்னால் கைதட்டல். பிறகு பார்த்தால் ‘கடவுள் பெயரால்’ என்றோ ‘உளமார’ என்றோ வர வேண்டிய இடம் விட்டுப்போயிருந்தது. மறுபடியும் ஏற்க வேண்டியதாயிற்று. ஆகவே அப்பா எனக்குப் போன் போட்டு, “ஒரு வார்த்த விடாம சொல்லு. ரெண்டாந்தடவ வர பஸ்சுக்குக் காசில்ல” என்றார். வார்த்தை ஒன்றும் விடவில்லை. விட்டது மெழுகுவர்த்திதான். பாலக்காட்டுக் காற்று முதல் வரிசையில் நுழைந்து கடைசி வரிசை வரைக்கும் ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே போயிற்று. இருட்டில் எல்லாரும் வாழ்நாள் முழுவதும் தூய்மையாக இருப்போம் என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தோம். கட்டப்பனைக்காரியின் மெழுகுவர்த்தி மட்டும் அணையவில்லை. கொழிஞ்சாம்பாறைக்காரி அதைத் தன் துப்பட்டாவால் மறைத்துப் பிடித்திருந்தாள். அந்தக் காற்றோடு பிறந்து வளர்ந்தவளுக்கு அது எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாதா!

ஊரில் இருப்பவர்களுக்கு இந்த விழா விவரமெல்லாம் தேவைப்படவில்லை. நான் பஸ் ஏறிய அன்றே அவர்களுக்கு டாக்டராகிவிட்டேன். “பாப்பா, ரோஸ் கலர் மாத்திர சாப்பாட்டுக்கு முன்னாலயா பின்னாலயா?” “பாப்பா, அட்டை கடிச்ச எடத்துல ரத்தம் நிக்கல, எச்சி வெக்கவா பொகயில வெக்கவா?” எனக்குத் தெரிந்ததெல்லாம் தலையணையின் வாய் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பது மட்டுமே. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். “அதான் ஒன்னக் கேக்கோம்ல?” என்றார்கள்.

முதல் லீவுக்கு ஊருக்குப் போனேன். அறையில் நாலு பேரும் காசு போட்டு வாங்கிய பி.பி. அப்பரட்டஸ் என் முறைக்கு வந்திருந்தது. திரும்பிவரும்போது பஸ் எட்டாம் மைல் பக்கம் வெகுநேரம் நின்றுவிட்டது, கல்லூரிக்கு லேட். காரணம் கேட்ட மிஸ்ஸிடம், “படையப்பா ரோட்டுல நின்னுட்டான்” என்றேன். ரஜினி படத்தின் பெயரோடு எங்கள் மலையில் திரியும் காட்டு யானை அது. கேரளம் முழுக்கப் பிரபலம். மிஸ் நம்பிவிட்டார். கொழிஞ்சாம்பாறைக்காரிக்குத்தான் பொறுக்கவில்லை. “எங்க பக்கத்து யானைக்கு தோனின்னு பேருங்க” என்றாள். 2023 ஜனவரியில் பாலக்காட்டில் பிடித்த யானைக்கு, பிடிபட்ட மலையடிவாரத்து ஊரின் பெயரையே வைத்திருந்தார்கள். சினிமா பெரிதா கிரிக்கெட் பெரிதா என்று அன்று ராத்திரி அறையில் நடந்த விவாதம் அனாட்டமி பரீட்சை வரைக்கும் நீண்டது.

அந்த லீவில் லயத்து வாசலில் வரிசை நின்றது. கொழுந்துக் காட்டில் தராசு முன்னால் நிற்கும் அதே வரிசை, அதே ஆட்கள். கிளார்க்கு மாமாவுக்கு முதல் மரியாதை. 130/84. மேல் லயத்துத் தாத்தாவுக்கு 160/100. இரண்டாந்தடவை, உட்காரவைத்து, கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தேன். அதேதான். காகிதத்தில் எழுதிக் கொடுத்து, நாளைக்கே கம்பெனி ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்றேன். தாத்தா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கொஞ்சம் கொறச்சி எழுதேன் பாப்பா. ஆஸ்பத்திரில திட்டுவாங்க” என்றார். அம்மா வாசற்படியிலிருந்து, “காலம் பூரா கூட்டிப் போடு கூட்டிப் போடுன்னு சண்ட போட்ட மனுசன், இப்பக் கொறக்கச் சொல்லுதாரு” என்றாள். நான் எதையும் குறைக்கவில்லை.

அடுத்து பக்கத்து வீட்டுப் பெரியம்மா. பி.பி. நன்றாகவே இருந்தது. மூச்சையும் எண்ணிவிடலாம் என்று நினைத்தேன். அதற்கு ஒரு தந்திரம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மூச்சை எண்ணப்போகிறேன் என்று நோயாளியிடம் சொல்லக் கூடாது. சொன்னால் மூச்சு மாறிவிடும். நாடி பார்ப்பதுபோலக் கையைப் பிடித்துக்கொண்டே, நெஞ்சு ஏறி இறங்குவதைக் கண்ணால் எண்ண வேண்டும். நிமிடத்துக்குப் பன்னிரண்டிலிருந்து இருபது இருந்தால் சரி. பெரியம்மாவின் கையைப் பிடித்தேன். செகண்ட் முள் ஓடியது. ஏழு, எட்டு…

“ஏட்டி, கையப் புடிச்சிருக்க, கண்ணு எங்க போகுது?”

“நாடி பாக்கேன் பெரியம்மா.”

“எங்கிட்டயா? எத்தன சூப்பர்வைசரு ஒரு கையால தராசத் தூக்கிக்கிட்டு மறு கையால என்ன பண்ணுவான்னு பாத்தவ நான். நெசத்தச் சொல்லு, என்னத்த எண்ணுற?”

“மூச்சு.”

“அதுக்கு எதுக்குடி களவாணித்தனம்? கேட்டா நானே எண்ணித் தரமாட்டேனா?” என்று நிமிர்ந்து உட்கார்ந்து, என் வாட்ச்சைத் தன் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு, ஊரே கேட்க எண்ண ஆரம்பித்தாள். ஒண்ணு, ரெண்டு, மூணு. எண்ணுவதற்கே மூச்சு போதவில்லை என்பதால் நடுவில் மூச்சு விடவே இல்லை. முள் ஒரு சுற்று முடிந்ததும் முகமெல்லாம் சிவக்க என்னைப் பார்த்தாள்.

“நூத்திப் பதினாலு. எழுதிக்கோ. சாக்குக்கு ஒண்ணும் கழிக்கக் கூடாது.”